வரிசையில் நின்ற வாக்குமூலம்

மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து விழுந்த மனிதர், கீழே நின்றிருந்த வெள்ளைக் காரின் கூரையை நசுக்கிவிட்டு, அதன் மேலேயே அசையாமல் கிடந்தார்.

காரின் அலாரம் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். கூட்டம் விலகி வழிவிட்டது. அவருக்குப் பின்னால் தொப்பையும் தொப்பியுமாக சார்ஜென்ட்.

"முதல்ல அந்த ஒப்பாரியை நிறுத்தச் சொல்லுங்கய்யா. யாரோட கார் இது?"

வாட்ச்மேன் காரின் மேலே கிடந்தவரைக் காட்டினார்.

"அவரோடதுதான் மேடம்."

சார்ஜென்ட் தொப்பியைக் கழற்றினார். "போகும்போதும் அடுத்தவனுக்கு நஷ்டம் வைக்கல மனுஷன்."

"யார் இவர்?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இன்டர்நெட் ஆணையத்துல பொறியாளர் மேடம். இந்தக் குடியிருப்பே ஆணையத்து ஆளுங்களுக்குத்தான். இவர் மூணாவது மாடி. தலைவர் அஞ்சாவது மாடி."

"இன்னிக்கு இவரைப் பார்க்க வெளியாள் யாராவது வந்தாங்களா?"

வாட்ச்மேன் கேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"மத்தியானம் மச்சான் வந்தாரு மேடம். பெரிய கார்ல."

"யாரோட மச்சான்?"

"எல்லாருக்கும்தான்."

சார்ஜென்ட் இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்தார். "நெட் கம்பெனியோட ஆள் மேடம். ஊர்ல இருக்கற ஒரே நெட் கம்பெனி. அமைச்சர், அதிகாரி, அவங்க டிரைவர்... தோள்ல கை போட்டு எல்லாரையும் மச்சான்னுதான் கூப்பிடுவான். கம்பெனிக்கு எந்தச் சட்டம் வேணுமோ அதை வாங்கித் தர்றதுதான் அவன் உத்தியோகம்."

"எப்போ திரும்பிப் போனார்?"

"பார்க்கல மேடம். அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிட்டேன்..."

அப்போது கேட்டின் பக்கம் சலசலப்பு. இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு காரை நெருங்கினார். தொங்கிக்கொண்டிருந்த கணவரின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டார்.

அலறவில்லை.

"அம்மா, தொடாதீங்க," என்றார் சார்ஜென்ட்.

அவர் திரும்பவே இல்லை.

பின்னால் வந்த இளம்பெண் மூச்சிரைக்கச் சொன்னாள். "எங்க அக்காவுக்குக் காது கேக்காது சார். என்கிட்ட சொல்லுங்க. நான் கையால சொல்றேன்."

* * *

மூன்றாவது மாடி வீடு கலையாமல் இருந்தது. கவிழ்ந்த நாற்காலி இல்லை. உடைந்த கண்ணாடி இல்லை. பால்கனிக் கதவு மட்டும் திறந்து கிடந்தது.

பொறியாளரின் போன் அவர் சட்டைப்பையிலேயே இருந்து, அவரோடு விழுந்து தூளாகியிருந்தது.

"விழறதுக்கு முன்னாடி அத்தான் ஒரு வீடியோ போட்டிருக்கார்," என்று தங்கை தன் போனை நீட்டினாள். "கைப்பேச்சுல."

"அது என்ன?"

"அக்கா நடத்தற தளம். காது கேக்காதவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கையால பேசிக்கறது. வீட்டுல காது கேக்கற ஆளுங்களும் இருப்பாங்க இல்லையா... அவங்களுக்காகக் குரலும் வரும்."

வீடியோ ஓடியது.

பொறியாளரின் முகம். வறண்ட குரல்.

"நான் ஆணையத்தின் சோதனைப் பொறியாளர். நிறுவனம் சில தளங்களைத் திருட்டுத்தனமாக மெதுவாக்குகிறது என்று நான் கொடுத்த சோதனை முடிவுகள் தவறானவை. என் மனைவியின் தளத்துக்கு ஆதாயம் தேடி நானே அவற்றைத் திரித்தேன். அவற்றை வாபஸ் வாங்குகிறேன். என்னை எல்லோரும் மன்னித்துவிடுங்கள்."

சார்ஜென்ட் பெருமூச்சு விட்டார். "தப்பு பண்ணினார். ஒத்துக்கிட்டார். குதிச்சுட்டார். நமக்கு வேலையே வைக்கல மேடம்."

பொறியாளரின் மனைவி தங்கையின் தோளைத் தட்டினார். அவர் விரல்கள் வேகமாக அசைந்தன.

"என்ன சொல்றாங்க?"

தங்கை தயங்கினாள். "வாய் சொன்னதை நீங்க கேட்டுட்டீங்க. கை என்ன சொல்லுதுன்னு அக்கா கேக்கறா."

இன்ஸ்பெக்டர் மறுபடி வீடியோவை ஓட்டினார். பேசும்போதே பொறியாளர் கைகளையும் அசைத்துக்கொண்டிருந்தார். ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. சதுரம் சதுரமாய் ஒரே கலங்கல். நடுநடுவே படம் அப்படியே உறைந்து நின்றது.

"குரலுக்கு ஏத்த சைகைதானே பண்ணியிருப்பார்?"

"அப்படித்தான் இருக்கணும். ஆனா அக்காவால படிக்க முடியல. வகுப்பு எடுத்துட்டு இருந்தா. வீடியோ வந்த உடனே திறந்தா. இதே கலங்கல்தான். என்னன்னு புரியாம திரும்பத் திரும்பத் திறந்துட்டே இருந்தா... அப்புறம்தான் வாட்ச்மேன் எனக்குப் போன் பண்ணினார்."

இன்ஸ்பெக்டர் போனைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துக்கொண்டார். மூன்றாவது தடவையாக ஓட்டினார்.

"சார்ஜென்ட், இங்க வாங்க. அவர் ரெண்டு கையும் எங்க இருக்கு?"

"ஆட்டிட்டு இருக்கார்."

"அப்போ போனை யார் பிடிச்சிருக்கா?"

சார்ஜென்ட் அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஸ்டாண்ட்ல வெச்சிருப்பார்..."

"ஸ்டாண்ட் மூச்சு விடுமா? படத்தைப் பாருங்க. லேசா மேல போகுது, கீழ வருது. எதிர்ல ஒரு ஆள் நின்னு பிடிச்சிருக்கான்."



தங்கையின் கைகள் அதை அக்காவுக்குச் சொல்லி முடித்தன. பொறியாளரின் மனைவி சுவரில் சாய்ந்தார். பிறகு நிமிர்ந்தார். ஒரே ஒரு சைகை.

"கண்டுபிடிங்கன்னு சொல்றா," என்றாள் தங்கை.

* * *

அன்று சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள்.

ஐந்தாவது மாடியிலிருந்து ஆணையத் தலைவர் இறங்கி வந்தார். நரைத்த தலை. இஸ்திரி கலையாத சட்டை. ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் அடிஸ்கேல். அவ்வளவு நேர். யார் வீட்டுக் காபியும் குடிக்கமாட்டார் என்று பேர்.

பொறியாளரின் மனைவியின் தலையில் கை வைத்தார்.

"நீ எனக்கு மக மாதிரிம்மா. எந்த உதவி வேணும்னாலும் மேல வந்து கதவைத் தட்டு."

தங்கை சைகையில் சொன்னாள். மனைவி கையெடுத்துக் கும்பிட்டார்.

இன்ஸ்பெக்டர் ஓரமாக நின்று கேட்டார். "சார், நாளைக்குக் காலையில விசாரணை இருக்கே. அது நடக்குமா?"

"நடந்தாகணும். வேகப் பாதை விதி. காசு கட்டற தளத்துக்கு வேகம் கூட்டிக்க நிறுவனம் அனுமதி கேக்குது. மூணு பேர்ல ஒருத்தர் ஆதரவு, ஒருத்தர் எதிர்ப்பு. என் ஓட்டுதான் பாக்கி." தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவர் சோதனையை நம்பித்தான் எதிர்த்து ஓட்டுப் போடறதா இருந்தேன். அதை இவரே வாபஸ் வாங்கிட்டுப் போயிட்டார். இனி என் கையில என்ன இருக்கு?"

"மத்தியானம் நீங்க எங்க சார் இருந்தீங்க?"

"மேல, என் வீட்டுல. நாளைக்கு வேண்டியதைப் படிச்சுட்டு இருந்தேன். கார் அலாரம் கேட்டுத்தான் எட்டிப் பார்த்தேன்."

வாசலில் ஒரு பெரிய மலர்வளையம் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு சிரித்த முகம்.

மச்சான்.

தலைவரின் முகம் சிவந்தது. "நீ இந்த வீட்டுக்குள்ள காலை வைக்காதே. வெளிய போ."

"கோவப்படாதீங்க சார்... துக்கம் விசாரிக்கத்தானே..."

தலைவர் விறுவிறுவென்று மாடியேறிப் போய்விட்டார். 'மனுஷன்னா இவர்' என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் மச்சானை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மத்தியானம் இங்க எதுக்கு வந்தே?"

"ஒரு வேலை குடுக்கலாம்னு வந்தேன் மேடம். எங்க கம்பெனியில. பெரிய சம்பளம், வீடு, கார். மனுஷன் கதவைக்கூட முழுசாத் திறக்கல. சங்கிலி இடுக்கு வழியா 'போயிட்டு வாங்க'ன்னார். நானும் போயிட்டேன்."

"நீ போனதைப் பார்த்த சாட்சி?"

மச்சான் சிரித்தான். "என்னைப் பார்க்காத ஆளே இந்த ஊர்ல இல்ல மேடம். ஆனா பார்த்தேன்னு சொல்ற ஆளும் இல்ல. அதுதான் என் தொழில்."

பொறியாளரின் மனைவி வாசலுக்கு வந்தார். கூடவே தங்கை.

மச்சானின் குரல் தேனாக இறங்கியது. "அக்காகிட்ட சொல்லும்மா. கைப்பேச்சுக்கு ஆயுசு பூரா வேகப் பாதை. ஒரு பைசா கட்ட வேணாம். நாளைக்கு விசாரணையில வந்து அழாம, சண்டை போடாம இருந்தா போதும்."

தங்கையின் கைகள் சொல்லின. மனைவியின் கண்கள் சுருங்கின. கை சட்டென்று ஒருமுறை வீசியது.

தங்கை மச்சானைப் பார்த்தாள். "அக்கா சொன்னதை அப்படியே சொல்லவா, கொஞ்சம் மரியாதையா மாத்திச் சொல்லவா?"

"அப்படியே சொல்லு."

"போடா."

மச்சானின் சிரிப்பு ஒரு நொடி அணைந்தது. மறுபடி எரிந்தது. படியிறங்கிப் போனான்.

"தூக்கி உள்ள போட்டுரலாமா மேடம்?" சார்ஜென்ட் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"எதை வெச்சு? பூ கொண்டு வந்தான்னா?"

* * *

ஸ்டேஷன். மின்விசிறி கிரீச்சிட்டது.

கம்ப்யூட்டர் திரையில் வீடியோ மறுபடி மறுபடி உறைந்தது. பக்கத்தில் அக்காவும் தங்கையும்.

"இந்த ஒரு தளம் மட்டும் ஏன் இப்படி வருது? மத்ததெல்லாம் நல்லாத்தானே ஓடுது?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அக்காவின் கைகள் பேச, தங்கை சொன்னாள்.

"ஒரே ரோடு மேடம். காசு கட்டின கடைக்குப் போற வண்டி பறக்கும். கட்டாத கடைக்குப் போற வண்டியில மட்டும் டயர்ல காத்தைப் பிடுங்கி விட்டுடுவாங்க. ரோட்டுல குறையே தெரியாது. வண்டிதான் மோசம்னு நீங்களே அந்தக் கடைக்குப் போறதை நிறுத்திடுவீங்க."

"சட்டத்துல இடம் இருக்கா?"

"இன்னும் இல்ல. திருட்டுத்தனமா பண்ணிட்டிருக்காங்க. அதைத்தான் அத்தான் சோதனை பண்ணிக் கண்டுபிடிச்சார். நாளைக்கு அந்த விதி வந்துட்டா இனிமே திருட வேண்டியதில்ல. பகிரங்கமாவே பண்ணலாம்."

அக்கா மறுபடி சைகை செய்தார். தங்கையின் குரல் தழைந்தது.

"மத்தவங்களுக்குக் குரல் வந்தா பேச்சு வந்துடும். எங்களுக்கு விரல் தெரிஞ்சாதான் பேச்சு. படம் கலங்கினா நாங்க ஊமைங்கறா."

சார்ஜென்ட் தொண்டையைச் செருமினார். "தெளிவான வீடியோ எங்கயாவது இருக்குமில்ல?"

"இருக்கு. மெதுவா ஏறினாலும் அத்தான் அனுப்பினது முழுசாப் போய்ச் சேர்ந்திருக்கு. திருப்பி எடுக்கறதுதான் பிரச்சனை. இந்த லைன்ல இழுத்தா பாதியில அறுந்துடுது. அப்புறம் முதல்லேருந்து..."

"வேற லைன்?"

"கேபிளும் அவங்க, மொபைலும் அவங்க. பக்கத்து ஊருக்குப் போனாலும் அவங்க."

"கம்பெனி ஆபீசுக்கே போய்க் கேட்டா?"

"கேட்ட நிமிஷமே அந்த வீடியோவே காணாமப் போயிடும்."

மேஜை மேல் போன் அடித்தது. மேலதிகாரி.

"என்ன இழுத்தடிக்கறே? அவனே பேசி வீடியோ போட்டிருக்கான். தற்கொலைன்னு எழுதி ஃபைலை மூடு. மேலேருந்து கேக்கறாங்க."

"எழுத முடியல சார்."

"ஏன்?"

"பேனாவுல மை இல்ல."

"விளையாடறியா? உன் வேலை என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும் சார். வேலை போனா பேனாவே தேவைப்படாது."

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"ஊர்ல எங்கயாவது ஒரு இடத்துல, காத்துப் பிடுங்காத லைன் இருக்கணும். யோசிங்க."

தங்கை நகத்தைக் கடித்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"விசாரணை ஹால். 'எங்க நெட்டுல எந்தத் தளமும் மெதுவா இல்ல'ன்னு மேடையில திறந்து காட்டறதுக்காக கம்பெனியே தனியா லைன் போட்டிருக்கு. போன தடவை விசாரணையில மச்சான் அந்த வித்தையைத்தான் காட்டினான். எல்லாம் பளிச்சுனு வந்தது. ஹாலைக் காலையிலதான் திறப்பாங்க."

"அப்போ நாளைக்கு அவன் கையாலயே திறக்க வைக்கணும்."

அக்காவுக்குப் புரிந்தது. மெல்ல சைகை செய்தார்.

"அந்தக் கை என்ன சொல்லியிருக்குன்னு நமக்கே தெரியாது," தங்கை மொழிபெயர்த்தாள். "வாய் சொன்னதையே கையும் சொல்லியிருந்தா... ஊர் முன்னாடி அவரை நானே பொய்யன்னு காட்டினதா ஆயிடும்கறா."

இன்ஸ்பெக்டர் திரையை அக்காவின் பக்கம் திருப்பினார்.

அக்கா வெகுநேரம் உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தலையசைத்தார்.

* * *

காலை. விசாரணை ஹால் பிதுங்கி வழிந்தது.

மேடையில் மூன்று நாற்காலிகள். நடுவில் தலைவர். பின்னால் சுவரளவு திரை. மேடை ஓரத்தில் ஆணையத்தின் சைகை மொழிபெயர்ப்பாளர், கறுப்பு உடையில்.

கடைசி ஐந்து வரிசைகளில் மட்டும் பேச்சுச் சத்தமே இல்லை. கைப்பேச்சைப் பயன்படுத்தும் ஆட்கள். தையல்காரர், செவிலியர், வெல்டர், கல்லூரி மாணவிகள். கைகள் மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன.

மச்சான் மைக் முன்னால் நின்றான்.

"எங்க நிறுவனம் எந்தத் தளத்தையும் மெதுவாக்கல. சோதனை பண்ணின பொறியாளரே தப்புன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிட்டார். பாவம். அவர் ஆத்மா சாந்தியடையட்டும்."

தலைவர் கனத்த குரலில் சொன்னார். "அந்த வாக்குமூலத்தை ஆணையம் ஏத்துக்குது. ஓட்டெடுப்புக்கு முன்னாடி, யாராவது ஏதாவது சொல்லணுமா?"

பொறியாளரின் மனைவி எழுந்தார். கைகள் எழுந்தன. தங்கையின் குரல் ஹாலில் ஒலித்தது.

"என் தளம் மெதுவா வருது. நீங்க மெதுவாக்கலேன்னா, இங்கேயே திறந்து காட்டுங்க."

மச்சான் கைதட்டாத குறையாக மகிழ்ந்தான். "இதைத்தான் நானும் எதிர்பார்த்தேன் தங்கச்சி. எந்த வீடியோ வேணும்?"

"என் புருஷன் கடைசியா பேசினது."

தலைவர் கைக்குட்டையால் நெற்றியைத் தொட்டுக்கொண்டார். "இது... துக்கமான விஷயம். தேவையில்லைன்னு நினைக்கறேன்."

"இருக்கட்டும் சார்," மச்சான் தாராளமாகச் சொன்னான். "நாங்க நல்லவங்கன்னு அவரே சொல்றார். ஊரே பார்க்கட்டுமே."

கைப்பேச்சைத் திறந்தான். வீடியோவைத் தட்டினான்.

சுவரளவு திரையில் பொறியாளர் வந்தார்.

கண்ணாடி போலத் தெளிவு. சட்டைப் பொத்தானில் அறுந்த நூல்கூடத் தெரிந்தது. ஒவ்வொரு விரலும் தெரிந்தது.

"நான் ஆணையத்தின் சோதனைப் பொறியாளர்..." என்றது குரல்.

மச்சான் பெருமையோடு கூட்டத்தைப் பார்த்தான். தலைவர் தன் முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்தார்.

பொறியாளரின் மனைவி திரையைப் பார்த்தார்.

அவர் கை தங்கையின் மணிக்கட்டை இறுக்கியது.

அப்போது கடைசி வரிசையில் வெல்டர் எழுந்து நின்றார். அவர் பக்கத்தில் செவிலியர் எழுந்தார். பிறகு அந்த வரிசை. அதற்கு முன் வரிசை. ஐந்து வரிசையும் எழுந்து நின்றது. ஒரு சொல் இல்லை. ஒரு முனகல் இல்லை.

எல்லாக் கண்களும் மேடையின் நடு நாற்காலியில் குத்தி நின்றன.

"என்ன இது? உட்காரச் சொல்லுங்க அவங்களை," என்றார் தலைவர்.

மேடை ஓரத்தில் மொழிபெயர்ப்பாளர் அதைச் சைகையில் சொல்லவில்லை. அவர் கைகள் தொங்கிக் கிடந்தன. அவரும் தலைவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை மைக்கைப் பிடித்தாள். குரல் உடைந்தது. விடாமல் சொன்னாள்.

"அத்தான் கை சொல்றதைச் சொல்றேன். 'நான் வாயால சொல்றது எல்லாம் பொய். என்னைச் சொல்ல வைக்கிறாங்க. சோதனை முடிவு அத்தனையும் உண்மை.'"

மச்சானின் கை திரையை அணைக்கப் பாய்ந்தது. அதற்குள் அந்தக் கையின் மேல் இன்னொரு கை விழுந்தது. சார்ஜென்ட்.

"ஊரே பார்க்கட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"'என் எதிர்ல போனைப் பிடிச்சுட்டு நிக்கிறது... ஆணையத் தலைவர். மேல் வீட்டுலேருந்து வந்தார். சொல்லலேன்னா உன் தளத்தை மூடிடுவேங்கறார். அவர் முகமே சரியில்ல. யாரையாவது கூட்டிட்டு சீக்கிரம் வா. நீ வர்ற வரைக்கும் பேச்சுக் குடுத்து வெச்சிருக்கேன்.'"

வீடியோ முடிந்தது.

தலைவர் எழுந்தார். "அபத்தம். கையை ஆட்டினா அதுக்கு யாரும் எந்த அர்த்தமும் சொல்லலாம். அந்தப் பொண்ணு அவங்க வீட்டு ஆளு."

"நான் அவங்க வீட்டு ஆள் இல்ல சார்," என்றார் மொழிபெயர்ப்பாளர். "நீங்க சம்பளம் குடுக்கற ஆளு. அந்தப் பொண்ணு சொன்னதுல ஒரு சொல்லும் தப்பில்ல."

இன்ஸ்பெக்டர் தன் போனை உயர்த்தினார். அதில் அதே வீடியோ. கைகள் சதுரம் சதுரமாய்க் கலங்கி உறைந்து நின்றன.

"எல்லாரும் அவங்கவங்க போன்லயும் திறந்து பாருங்க. ஒரே ஹால், ஒரே தளம். மேடைக்கு ஒரு வேகம், நமக்கு ஒரு வேகம்."

நூற்றுக்கணக்கான போன்கள் எழுந்தன. நூற்றுக்கணக்கான கலங்கல்கள்.

பொறியாளரின் மனைவி மேடையை நோக்கி நடந்தார். தலைவருக்கு நேர் எதிரே நின்றார்.

தங்கை சொன்னாள். "இதை நான் நேத்தே திறந்தேன். வந்த உடனே திறந்தேன். என் வகுப்பு ரெண்டு தெரு தள்ளித்தான். விரல் தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேன். என் புருஷன் காப்பாத்துன்னு கூப்பிட்டார். காசு கட்டலேன்னு அந்தக் கூப்பாடு உங்க வரிசையில நின்னுட்டு இருந்தது."

ஹாலில் யாரும் அசையவில்லை.

மச்சானுக்கு மட்டும் புத்தி வேகமாக வேலை செய்தது.

"மேடம், சத்தியமா எனக்கும் கொலைக்கும் சம்பந்தமில்ல. ரிட்டயர் ஆனதும் எங்க போர்டுல ஒரு நாற்காலி தர்றதா அவர்கிட்ட பேசியிருந்தோம். அவ்வளவுதான். சோதனையை வாபஸ் வாங்க வைங்க சார்னு சொன்னேன். மாடியிலேருந்து தள்ளுங்கன்னு நான் சொல்லவே இல்ல."

"வாயை மூடுடா," என்றார் அடிஸ்கேல்.

முதல் தடவையாக அந்த ஊர் அவர் வளைந்து நிற்பதைப் பார்த்தது.

"நேத்து வீட்டுக்குள்ள வராதேன்னு விரட்டினது?" இன்ஸ்பெக்டர் மச்சானைக் கேட்டார்.

"அதுவும் பேசி வெச்சதுதான் மேடம்."

* * *

பக்கத்து அறையில் தலைவர் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மேஜை மேல் கிடந்தது.

"வீடியோ ஏறி முடிய ரொம்ப நேரம் ஆச்சு," என்றார், யாரையும் பார்க்காமல். "முடிஞ்சதும் கிளம்பிட்டேன். அவன்தான் விடல. 'உட்காருங்க சார், டீ போடறேன்'னான். மிரட்டி வாக்குமூலம் வாங்கின ஆளுக்கு எவனாவது டீ போடுவானா? அப்பத்தான் சந்தேகம் வந்தது. 'யாருக்காகக் காத்திருக்கே?'ன்னு கேட்டேன். பதில் சொல்லல. பால்கனிக்குப் போய் ரோட்டை எட்டிப் பார்த்தான்..."

"அப்புறம்?"

"எட்டிப் பார்த்துட்டு இருந்தான். அவ்வளவுதான். போனை ஏற்கெனவே அவன் பையில போட்டிருந்தேன்."

தங்கையின் கைகள் பாதியில் நின்றுவிட்டன. அக்கா அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பினார். முழுசாகச் சொல்லு என்பது யாருக்கும் மொழிபெயர்க்காமலே புரிந்தது.

தங்கை சொன்னாள்.

அக்கா கண்களை மூடிக்கொண்டார். கணவர் கடைசியாக எட்டிப் பார்த்த ரோடு, தான் ஓடி வந்திருக்க வேண்டிய ரோடு.

கண் திறந்தபோது அதில் ஈரம் இருந்தது. கூடவே நெருப்பும் இருந்தது.

"விசாரணை என்ன ஆச்சுன்னு கேக்கறா," என்றாள் தங்கை.

கதவைத் திறந்துகொண்டு விதியை எதிர்த்த ஆணைய உறுப்பினர் வந்தார். வயதான பெண்மணி. மூச்சு வாங்கியது.

"ஆதரிச்ச உறுப்பினர் தன் ஓட்டை மாத்திட்டார். கூட்டத்தைப் பார்த்த பயமோ, மனசாட்சியோ, எனக்குத் தெரியாது. வேகப் பாதை விதி தள்ளுபடி. ஏற்கெனவே மெதுவாக்கி வெச்ச தளங்களை இன்னிக்கே திறந்து விடணும்னு உத்தரவு போட்டாச்சு."

வெளியே ஹாலில் ஓர் ஓசையும் எழவில்லை. இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார்.

ஐந்து வரிசை ஆட்கள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை விரித்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் புரியாமலே, ஒவ்வொருவராகக் கைதூக்கி ஆட்டத் தொடங்கினார்கள்.

பொறியாளரின் மனைவி கதவோரம் வந்து நின்றார். தானும் கைகளைத் தூக்கினார்.

மேலதிகாரியிடமிருந்து இன்ஸ்பெக்டருக்குப் போன் வந்தது. "பிரமாதம். நான் அப்பவே சொன்னேன் இல்ல, இது கொலைன்னு..."

"சிக்னல் சரியில்ல சார்," என்று இன்ஸ்பெக்டர் துண்டித்தார்.

வாசலில் போலீஸ் வேன் நின்றது. உள்ளே ஏற்கெனவே ஒரு பிக்பாக்கெட்டும், சந்தையில் தகராறு செய்த குடிகாரன் ஒருவனும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் ஏறி, பிக்பாக்கெட்டின் தோளில் பழக்கதோஷமாகக் கையைப் போட்டான். பிக்பாக்கெட் அவசரமாகத் தன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

தலைவர் படியில் கால் வைக்காமல் தயங்கினார்.

"நான் என் கார்ல வர்றேனே... முன்னாடி ஒரு ஜீப் போட்டு சீக்கிரமா கூட்டிட்டுப் போயிடுங்க. எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

சார்ஜென்ட் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு பணிவாகச் சொன்னார்.

"மன்னிக்கணும் சார். வேகப் பாதை கிடையாதுன்னு இப்பத்தான் உங்க ஆணையமே முடிவு பண்ணியிருக்கு. ஜேப்படிக்காரனோ, தலைவரோ... எல்லாருக்கும் ஒரே வண்டி, ஒரே வேகம். தலையைக் குனிஞ்சு ஏறுங்க."